பாய்மரக் கப்பல் மாதிரியில் கயிற்றின் கணக்கு

1805 அக்டோபர் 21 அன்று ஸ்பெயின் கரைக்கு அப்பால் நடந்த டிரபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைக் கப்பலாக நின்றது ‘விக்டரி’. அதன் மேல்தளத்தில்தான் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் குண்டடிபட்டு வீழ்ந்தார். அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகரில், 1922 முதல் உலர்துறை ஒன்றில் நிற்கிறது. ஆனால் அன்று அது விரித்திருந்த பாய்களில் இன்றுவரை தப்பிப் பிழைத்தது ஒன்றே ஒன்று: முன்பாய்மரத்தின் மேற்பாய். சாத்தம் கப்பல் தளத்துப் பாய்க்கூடத்தில் 1803-இல் தைத்த அந்தத் துணியின் அடிப்பக்க அகலம் 80 அடி. குண்டுகள் துளைத்த ஏறத்தாழ 90 ஓட்டைகள் அதில் இன்றும் தெரிகின்றன. கப்பலில் பின்னாளில் இருந்த கயிறுகளோ நெல்சன் காலத்தவை அல்ல. அவை பலமுறை மாற்றப்பட்டுவிட்டன.

பாய்மரக் கப்பலைப் பற்றி நாம் அறிந்துகொள்ள விரும்பும்போது எதிர்ப்படும் முதல் சிக்கல் இது. ஓக் மரம் நூற்றாண்டுகள் தாங்கும். சணல் கயிறு சில ஆண்டுகள் கடற்காற்றில் கிடந்தாலே மாற்றவேண்டிய பொருள். ஸ்வீடனின் ‘வாசா’ கப்பல் 1628-இல் முதற்பயணத்திலேயே மூழ்கி, 333 ஆண்டுகள் கழித்து 1961-இல் மேலே வந்தபோது, உடல் கிட்டத்தட்ட முழுதாக இருந்தது. பாய் அறையில் மடித்து வைத்திருந்த ஆறு பாய்களும் கிடைத்தன. கப்பிகளும் கட்டைகளும் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவற்றையெல்லாம் ஒன்றாகப் பிணைத்திருந்த கயிற்றமைப்பை மட்டும் ஆய்வாளர்கள் மறுபடி யோசித்து எழுப்ப வேண்டியிருந்தது. அப்படி எழுப்பியதை மக்கள் கண்ணால் காணும்படி வைத்திருப்பது ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் உள்ள 1:10 அளவு மாதிரி.

மாதிரிக் கப்பல் கட்டுவதை ஓய்வுநேரக் கைவேலை என்று மட்டும் எண்ணுவது போதாது என்று நான் கருதுவது இதனால்தான். மரத்தால் உடலைக் கட்டி முடித்தபின் பாய்மரங்களை நிறுத்திக் கயிறு கட்டத் தொடங்கும்போது, கலைஞர் ஒரு வாதத்தை முன்வைக்கிறார்: இந்தக் கப்பல் இப்படித்தான் காற்றைத் தாங்கியது, இப்படித்தான் திரும்பியது என்ற வாதம். சிறிய அளவில் எல்லாக் கயிறுகளையும் வைக்க இயலாது. ஆகவே எதை வைக்கிறார், எதை விடுகிறார் என்பதில்தான் அந்த வாதத்தின் நேர்மை தங்கியிருக்கிறது. விசை செல்லும் வழியை அறுபடாமல் காட்டும் மாதிரி, கயிறுகளின் எண்ணிக்கையை நிறைவாகக் காட்டும் மாதிரியைவிட உண்மைக்கு நெருக்கமானது. விக்டரியை 1:96 அளவில், அதாவது ஓர் அடிக்கு எட்டில் ஓர் அங்குலம் என்ற கணக்கில் கட்டுவதை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்கலாம்.

கப்பலைப் பார்த்தால் போதாதா?

கப்பலே கண்முன் நிற்கும்போது அதைப் பார்த்துக் கட்டினால் ஆயிற்று என்று தோன்றலாம். அப்படிச் செய்ய முடியாது. விக்டரியின் அடிமரங்கள் 1890-களில் ‘ஷா’ என்ற வேறொரு கப்பலிலிருந்து எடுத்த இரும்பு மரங்களாக மாற்றப்பட்டன. டிரபால்கர் காலத் தோற்றத்துக்கு அதை மீட்கும் பணியைக் கடல்சார் ஆய்வுக் கழகம் முன்னின்று நடத்தியது. மீட்கப்பட்ட கப்பலை 1928-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பார்வையிட்டார். பின்னர் உடலின் மேல் விழும் சுமையைக் குறைப்பதற்காக 2011-இல் மேல்மரங்களையும் குறுக்குமரங்களையும் கயிறுகளையும் இறக்கினார்கள். 2021-இல் நடுப்பாய்மரத்தின் அடிப்பகுதியையும் கழற்றினார்கள். ஆக, கப்பல் தரும் சாட்சியும் பின்னாளைய ஆராய்ச்சியின் விளைவே.

உறுதியான சாட்சி தாளில் இருக்கிறது. டேவிட் ஸ்டீல் 1794-இல் லண்டனில் வெளியிட்ட கயிற்றமைப்பு நூல், பீரங்கி எண்ணிக்கைப்படி ஒவ்வொரு வகைக் கப்பலுக்கும் எந்தக் கயிறு எவ்வளவு பருமன், எவ்வளவு நீளம், எத்தனை கப்பி என்று பட்டியல் பட்டியலாகத் தருகிறது. 1808-இல் வந்த டார்சி லீவரின் நூல், இளம் அதிகாரிகளுக்காகக் கயிறு கட்டும் ஒவ்வொரு படியையும் படம் வரைந்து காட்டுகிறது. கப்பல்கள் அன்றாடம் வேலை செய்த காலத்திலேயே எழுதியவை என்பதால் இவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. இந்த மூலங்களையும் கப்பலையும் அருகருகே வைத்துப் படித்தவர் நெப்பியன் லாங்ரிட்ஜ். விக்டரியை 1:48 அளவில் கட்டியபோது அறிந்ததை 1955-இல் நூலாக்கினார். அவருடைய மாதிரி லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் கப்பல் மாதிரிகளைப் பேணிய ஜேம்ஸ் லீஸ், 1625 முதல் 1860 வரையிலான ஆங்கிலப் போர்க்கப்பல்களின் மரங்களையும் கயிறுகளையும் விகிதக் கணக்காகத் தொகுத்து 1979-இல் வெளியிட்டார். மாதிரி கட்டும் மேசைதான் இவ்விருவருக்கும் ஆய்வுக்கூடமாக இருந்தது. ஒரு கயிறு ஓரிடத்தில் முடிகிறது என்று தாளில் எழுதிவிடலாம். கையால் கட்டிப் பார்க்கும்போதுதான் அது இன்னொரு கயிற்றில் உரசுகிறதா என்பது தெரியவரும்.

விசை செல்லும் வழி

விக்டரியின் நடுப்பாய்மரம் நீர்மட்டத்திலிருந்து சுமார் 205 அடி உயரம். இது ஒற்றை மரம் அன்று. அடிமரத்தின் மேல் மேல்மரம், அதன் மேல் உச்சிமரம் என்று மூன்று அடுக்கு. அடிமரமும் பல துண்டுகளைச் சேர்த்துப் பட்டமிட்டு இறுக்கிய கூட்டுமரமே. பாயில் விழும் காற்று இந்த அடுக்கை முன்னோக்கியும் பக்கவாட்டிலும் தள்ளிக்கொண்டே இருக்கும். மரம் தனித்து நின்றால் முறிந்துவிடும். நிற்க வைப்பவை நிலைக்கயிறுகள்.

அவற்றில் இரண்டு வகை முதன்மையானவை. மரத்தின் தலையிலிருந்து இருபக்கமும் இறங்கிக் கப்பலின் விலாவில் முடிபவை பக்கக் கயிறுகள். மரத்தின் தலையிலிருந்து முன்னோக்கிச் சாய்ந்து இறங்குபவை முன்கயிறுகள். பக்கக் கயிறுகள் நேராக உடலில் கட்டப்படுவதில்லை. விலாவிலிருந்து வெளியே நீட்டிய தடித்த பலகையின் விளிம்பில் அவை முடிகின்றன. அங்கிருந்து இரும்புச் சங்கிலி விசையை உடலுக்குள் கொண்டுசெல்கிறது. பலகை வெளியே நீண்டிருப்பதால் கயிறு அகன்ற கோணத்தில் இறங்கி, மரத்தைப் பக்கவாட்டில் வலுவாகப் பிடித்துக்கொள்கிறது.

முன்கயிறுகளின் தொடரைப் பார்த்தால் கப்பலின் பலவீனமான இடம் எது என்று விளங்கும். பின்பாய்மரத்தின் முன்கயிறு நடுப்பாய்மரத்தில் முடிகிறது. நடுப்பாய்மரத்தின் முன்கயிறு முன்பாய்மரத்தைக் கடந்து முகப்பருகே முடிகிறது. முன்பாய்மரத்தின் முன்கயிறோ, முகப்பிலிருந்து சாய்வாக வெளியே நீளும் பௌஸ்பிரிட் மரத்தைப் பற்றியிருக்கிறது. ஆகவே பௌஸ்பிரிட் போனால் முன்பாய்மரம் ஆடும். கடற்போர்களில் அந்த மரம் முறிந்த கப்பல் முன்மரத்தையும் இழக்கும் ஆபத்தில் சிக்கியது இதனால்தான். பௌஸ்பிரிட்டை முகப்போடு பல சுற்றுக் கயிற்றால் கீழ்நோக்கி இறுக்கிக் கட்டுவது கயிற்றுவேலையின் தொடக்கப் படிகளில் ஒன்று. மாதிரியிலும் அதே வரிசையைப் பின்பற்றவேண்டும். மரங்களை நிறுத்திக் கயிறு கட்டியபின் பௌஸ்பிரிட்டை இறுக்க முனைந்தால், ஏற்கெனவே நேராக நின்றவை எல்லாம் கோணிப்போகும்.

மேல்மரத்தின் பக்கக் கயிறுகள் கப்பலின் உடல்வரை இறங்குவதில்லை. அடிமரத்தின் உச்சியில் உள்ள மேடையின் விளிம்பில் முடிகின்றன. அந்த இழுவை மேடையைப் பிய்த்துத் தூக்கிவிடாதபடி, மேடைக்கு அடியிலிருந்து குறுகிய கயிறுகள் சாய்வாக இறங்கி அடிமரத்தின் பக்கக் கயிறுகளோடு சேர்கின்றன. கீழிருந்து பார்ப்பவர் கண்ணில் எளிதில் படாதவை இவை. சிறிய மாதிரிகளில் முதலில் விடுபடுபவையும் இவையே. இவை இல்லாத மாதிரியில் மேல்மரத்தின் சுமை மேடையோடு நின்றுவிடுகிறது, அதற்குப் போக வழியில்லை. பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும், அந்தக் கப்பல் முதல் புயலிலேயே மேல்மரத்தை இழந்திருக்கும்.

சுற்றளவும் விட்டமும்

பழைய நூல்களைப் படிக்கும்போது ஒரு செய்தியை மறக்கக் கூடாது. பிரிட்டிஷ் கடற்படையில் கயிற்றின் அளவைச் சுற்றளவால் சொன்னார்கள். ‘19 அங்குலக் கயிறு’ என்றால் அதன் சுற்றளவு 19 அங்குலம். விட்டம் அதை 3.14-ஆல் வகுத்தால் வரும் 6 அங்குலம், அதாவது சுமார் 154 மி.மீ. விக்டரியின் நடுப்பாய்மர முன்கயிறு இந்த அளவுதான். லீஸின் விகிதக் கணக்கில் முன்கயிற்றின் சுற்றளவு அடிமர விட்டத்தில் பாதி. மரத்தின் விட்டம் 39 அங்குலம் என்பதால் கணக்கு ஏறத்தாழப் பொருந்துகிறது.

இப்போது 1:96-க்கு இறக்கலாம். 39 அங்குல மரம் 10.3 மி.மீ. ஆகிறது. முன்கயிறு 1.6 மி.மீ. பக்கக் கயிறு சுமார் 11 அங்குலச் சுற்றளவுடையது, ஆகவே 0.93 மி.மீ. மாலுமிகள் கால்வைத்து ஏறுவதற்காகப் பக்கக் கயிறுகளின் குறுக்கே கட்டும் படிக்கயிறு ஒன்றரை அங்குலச் சுற்றளவு, ஆகவே 0.13 மி.மீ. நீர்மட்டத்திலிருந்து உச்சிவரை மரம் 65 செ.மீ. நிற்கும். ஏறும் மாலுமியின் உயரம் 18 மி.மீ.க்கும் குறைவு.

முன்கயிற்றின் 19 அங்குலத்தை விட்டமாக எடுத்துக்கொண்டால் மாதிரியில் அது 5 மி.மீ. தடிமனில், மரத்தில் பாதி அகலத்தில் வந்து நிற்கும். யாரும் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆபத்து சிறிய கயிறுகளில்தான் இருக்கிறது. 3 அங்குலக் கயிறு 0.25 மி.மீ. ஆகவேண்டிய இடத்தில் 0.8 மி.மீ. நூல் ஓடினால், கண்ணுக்கு அது தவறென்று உடனே உறைக்காது. ஆனால் அப்படிப் பத்துக் கயிறுகள் சேர்ந்துவிட்டால், பாய்மரத்தின் மேற்பகுதி முழுவதும் பாரமாகத் தெரியும். நல்ல கயிற்றமைப்பின் அடையாளம் இந்தப் படிநிலைதான்: கீழே கனமாகத் தொடங்கி, மேலே போகப்போக மெலிந்து, உச்சியில் வானத்தில் கரைந்துவிடவேண்டும். முன்கயிற்றுக்கும் படிக்கயிற்றுக்கும் இடையே பன்னிரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு உண்டு. இரண்டு மூன்று அளவு நூல்களை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் காட்டிவிட முடியாது.

முறுக்கு

கடையில் விற்கும் தையல்நூல் தடிமனில் பொருந்தினாலும் கயிறுபோல் தோன்றாது. பஞ்சு இழைகள் மேலே சிலிர்த்து நிற்கும், முறுக்கின் சாய்வும் தெரியாது. அதனால்தான் தேர்ந்த கலைஞர்கள் கயிற்றைத் தாமே முறுக்குகிறார்கள். சாத்தம் கப்பல் தளத்தில் 1786-இல் கட்டத் தொடங்கி 1791-இல் முடித்த கயிற்றுக்கூடம் 346 மீட்டர் நீளம். அங்கே இன்றும் கயிறு திரிக்கிறார்கள். மேசைமேல் வைக்கும் சிறு கருவியின் வேலையும் அதே தத்துவத்தில்தான் நடக்கிறது. மூன்று கொக்கிகளில் மூன்று புரிகளை மாட்டி ஒரு திசையில் முறுக்குவார்கள். மறுமுனையில் மூன்றும் ஒரே கொக்கியில் சேர்ந்து எதிர்த்திசையில் சுழலும். இடையே, மூன்று பள்ளம் வெட்டிய கூம்புக் கட்டை ஒன்று புரிகளைப் பிரித்து வைத்திருக்கும். புரிகள் தம் முறுக்கை அவிழ்க்க முயலும், கயிறோ அதே முயற்சியால் இறுகும். இந்த இரண்டு முறுக்குகளும் ஒன்றையொன்று சமன்செய்தால்தான், கயிற்றை வெட்டி மேசையில் போட்டாலும் பிரியாமல் கிடக்கும்.

மூன்று சம உருளைகளைச் சேர்த்தால் அவற்றைச் சுற்றிய வட்டத்தின் விட்டம் ஓர் உருளையின் விட்டத்தைப்போல் 2.15 மடங்கு. இந்த எளிய வடிவக் கணக்கு போதும். 1.6 மி.மீ. முன்கயிற்றுக்கு 0.74 மி.மீ. கயிறு மூன்று வேண்டும். அந்த ஒவ்வொன்றுக்கும் 0.34 மி.மீ. புரி மூன்று வேண்டும். ஒன்பது புரிகள் இரண்டு கட்டமாக முறுக்கப்பட்டு வடமாகின்றன. சாதாரணக் கயிறு ஒரு பக்கம் சாய்ந்து முறுகும். வடம் அதற்கு எதிர்ப்பக்கம் சாயும். கப்பல் மாதிரியின் அருகில் நின்று பார்ப்பவர் இந்தச் சாய்வு வேறுபாட்டைப் பெயர் சொல்லி அறியாவிட்டாலும், முன்கயிறு வேறு வகைப் பொருள் என்பதை அவர் கண் உணர்ந்துவிடும். முறுக்கும்போது நீளம் குறைவதால் புரிகளைத் தேவைக்குப் பாதிக்குமேல் கூடுதலாக எடுத்துக்கொள்வது நல்லது.

நிறத்துக்கும் காரணம் உண்டு. நிலைக்கயிறுகள் மழையிலும் உப்புக்காற்றிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கவேண்டியவை, ஆகவே தாரில் நன்கு ஊறிக் கருமையாக இருந்தன. ஓடுகயிறுகள் கப்பிகளில் வழுக்கி ஓடவேண்டியவை, கை பிடித்து இழுக்கவேண்டியவை. அவை வெளிர் பழுப்பாக இருந்தன. மாதிரியில் இந்த இரு நிறங்களையும் பிரித்துக் காட்டினாலே, எது தாங்குகிறது, எது இயங்குகிறது என்பதைப் பார்ப்பவர் படித்துவிடலாம்.

தலைமாட்டில் தொடங்கும் வரிசை

பக்கக் கயிறு கட்டும் முறை இது. ஒரு நீளக் கயிற்றை நடுவில் மடித்து, மடிப்பை மரத்தின் தலையில் வளையமாகப் போட்டு, வளையத்துக்குக் கீழே மெல்லிய நூலால் சுற்றி இறுக்குவார்கள். இரண்டு முனைகளும் ஒரே பக்கம் இறங்கும். வலப்பக்கத்து முன் இணை முதலில், அடுத்து இடப்பக்கத்து முன் இணை, மீண்டும் வலம், மீண்டும் இடம் என்று மாறி மாறி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். எல்லாம் முடிந்தபின்தான் முன்கயிற்றின் வளையம் அவற்றின் மேல் வரும். மரத்தின் தலையை அருகிலிருந்து பார்த்தால் இந்த அடுக்கு தெளிவாகத் தெரியும். ஒரு பக்கத்து இணைகளை முழுவதும் கட்டிவிட்டு மறுபக்கத்துக்குப் போனவரின் மாதிரியில் அடுக்கு ஒருபுறம் ஏறியும் மறுபுறம் இறங்கியும் இருக்கும். மரமும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

முன்கயிறு மரத்தின் தலையைச் சுருக்குப்போல் இறுக்கக் கூடாது. அதனால் கயிற்றின் ஓரிடத்தில் நூலைச் சுற்றிச் சுற்றிப் பேரிக்காய் வடிவில் ஒரு முண்டு கட்டினார்கள். கயிற்றின் சிறு முனைக்கண் அந்த முண்டில் வந்து தடுபட்டு நின்றுவிடும். 1:96 அளவில் முண்டு 4 மி.மீ. அளவிலேயே இருக்கும். நூலைச் சுற்றி அதன்மேல் வலைப்பின்னல்போல் ஊசியால் கோத்துக் காட்டுபவர்களும் உண்டு. அந்த அளவில் பின்னல் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லி அதை விட்டுவிடலாம். முண்டை விடக் கூடாது, ஏனெனில் அது தாங்கும் பொருள்.

பக்கக் கயிற்றின் கீழ்முனையில் மூன்று துளையுள்ள வட்டக்கட்டை ஒன்று கட்டப்படும். வெளிப்பலகையின் விளிம்பில் அதேபோன்ற இன்னொன்று இருக்கும். மேற்கட்டையின் தனித்துளை மேலேயும், கீழ்க்கட்டையின் தனித்துளை கீழேயும் அமையும். இரண்டையும் ஆறு துளைகள் வழியே மெல்லிய கயிறு ஒன்று மேலும் கீழுமாகத் தைக்கும். அந்தக் கயிற்றை இழுத்தால் பக்கக் கயிறு இறுகும். சணல் புதிதில் நீளும், மழையில் சுருங்கும். ஆகவே மாலுமிகள் இதை அடிக்கடி திருத்திக்கொண்டே இருந்தார்கள். 1:96-இல் ஒரு கட்டையின் விட்டம் 4 மி.மீ.க்குச் சற்று மேல், துளை அரை மி.மீ. கட்டைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்பதற்காக, கம்பியை வளைத்து இரண்டு கட்டைகளின் துளைகளிலும் செருகும்படி ஒரு சிறு பிடியைச் செய்து, அதை மாட்டிய நிலையில் கயிற்றின் நீளத்தைக் குறிப்பார்கள். இந்த இடத்தில் பொறுமை வேண்டும். தைத்த கயிற்றின் முனையைப் பசைபோட்டு மூடாமல் தற்காலிக முடிச்சில் நிறுத்தி, முன்கயிறுகளும் கட்டியபின் எல்லாவற்றையும் சிறிது சிறிதாக இறுக்கி, முகப்பிலிருந்து பார்க்கும்போது மூன்று மரங்களும் ஒரே கோட்டில் தெரிகின்றனவா என்று சரிபார்த்த பிறகே மூடவேண்டும். எந்தக் கயிறும் தனியாகச் சரியாக இருக்க முடியாது, எல்லாம் சேர்ந்துதான் சரியாக இருக்க முடியும்.

அதன்பின் படிக்கயிறுகள். 13 அங்குல இடைவெளி 3.4 மி.மீ. ஆகிறது. மூன்று பாய்மரங்களிலும் சேர்த்து முடிச்சுகள் ஆயிரக்கணக்கில் வரும். இடையில் உள்ள ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் இரண்டு சுற்றுள்ள குறுக்கு முடிச்சு, ஓரத்துக் கயிறுகளில் சிறு கண்ணும் கட்டும். கோடு வரைந்த தாளைக் கயிறுகளுக்குப் பின்னால் வைத்து, இடுக்கியால் நூலைப் பிடித்து, முடிச்சைப் போட்டு, ஊசிமுனையால் கோட்டுக்கு நகர்த்தி, அதன்பிறகு இறுக்குவார்கள். இறுக்கம் கொஞ்சம் கூடினாலும் ஓரத்துக் கயிறுகள் உள்ளே இழுபட்டு, இடுப்பு ஒடுங்கியதுபோல் முழு வரிசையும் நடுவில் சுருங்கிவிடும். அதனால் இரண்டு முடிச்சுகளுக்கு இடையே நூல் மிகச் சிறிதளவு தொய்ந்து தொங்கவேண்டும். உண்மைக் கப்பலிலும் மாலுமியின் எடை அதை அப்படித்தான் தொய்ய வைத்தது.

அளவு சுருங்கினால் எடை போய்விடுகிறது

சிறிய மாதிரிக்குரிய சிக்கல்களில் மிகவும் ஆழமானது இந்தத் தொய்வுதான். கப்பலில் தளர்வாக விட்ட கயிறு தன் எடையால் அழகான வளைவில் தொங்கும். மாதிரியில் அதே கயிறு முறுக்கிக்கொண்டு விறைத்து நிற்கும். காரணம் இயற்பியலில் இருக்கிறது. எல்லா நீளங்களையும் 96-இல் ஒரு பங்காக்கினால், ஒரே பொருளால் செய்த கயிற்றின் எடை மிக வேகமாகக் குறைகிறது. வளைவதற்குக் காட்டும் எதிர்ப்பு அதற்கு ஈடாகக் குறைவதில்லை. கணக்கிட்டால், தன் எடையால் அது வளையும் கோணம் 96-இல் ஒரு பங்காகிவிடுகிறது. எவ்வளவு திறமையாகக் கட்டினாலும் இந்த விதியை மீற முடியாது.

ஆகவே கலைஞர்கள் வளைவைத் தாமே செய்கிறார்கள். நீர்த்த பசையை நூலில் தடவி, வேண்டிய வளைவில் சிறு எடை தொங்கவிட்டு உலரவைப்பது ஒரு வழி. இங்கிலாந்தைச் சேர்ந்த டொனால்ட் மெக்னாரி 1:192 போன்ற மிகச் சிறிய அளவுகளில் கட்டியபோது நூலுக்குப் பதில் மெல்லிய கம்பியையே கயிறாகப் பயன்படுத்தினார். அந்த அளவில் படிக்கயிறு 0.06 மி.மீ., கிட்டத்தட்ட தலைமுடியின் தடிமன். கம்பிக்குச் சிலிர்ப்பு இல்லை, ஈரத்தில் சுருங்காது, வளைத்த வடிவத்திலேயே நிற்கும். கயிறு அல்லாத ஒன்றால் கயிற்றின் தோற்றத்தைச் சரியாகக் காட்டுகிறது. பொருளில் விலகி நடத்தையில் நெருங்கும் இந்த முடிவைக் குறையாகக் கருத எனக்கு மனம் வரவில்லை. எந்த உண்மையைக் காப்பது என்பதைத் தெளிவாகத் தேர்ந்துகொண்ட ஒருவரின் முடிவு அது.

விக்டரியில் இருந்த கயிறு மொத்தம் 26 மைல் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 1:96-இல் அது 436 மீட்டர். கயிற்றமைப்பில் இருந்த கப்பிகள் 768. அவற்றில் 6 அங்குலக் கப்பி 1.6 மி.மீ.க்குச் சுருங்கும். அதில் துளையிடலாம், சக்கரம் வைக்க முடியாது. எனவே எதையேனும் விட்டுத்தான் ஆகவேண்டும். விடும்போது தொடர்களாக விடவேண்டும் என்பதே என் பரிந்துரை. ஒரு பாயைச் சுருட்டும் கயிறுகளின் முழுத்தொகுதியை விட்டுவிட்டால் கப்பலின் மற்ற வேலைகள் பாதிக்கப்படுவதில்லை. அதே தொகுதியில் பாதியை வைத்து, தளத்தில் கட்டும் முனையை வைக்காமல் போனால், எங்கிருந்தோ வந்து எங்கேயோ மறையும் கயிறு ஒன்று பொய் சொல்லிக்கொண்டு நிற்கும்.

ஓடுகயிறுகள் காட்டும் நிலை

நிலைக்கயிறுகள் கப்பல் எப்படிக் கட்டப்பட்டது என்று சொல்லும். ஓடுகயிறுகள் கப்பல் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று சொல்லும். பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். அதை ஏற்றி இறக்குவது ஆஞ்சான் கயிறு, பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிப்பது தாமான். பருமலின் இரு முனைகளையும் மரத்தின் உச்சியிலிருந்து தாங்குபவை தூக்குக்கயிறுகள்.

மேற்பாயை விரிக்கும்போது அதன் பருமலை ஆஞ்சானால் மேலே ஏற்றுவார்கள். அப்போது தூக்குக்கயிறுகள் தளர்ந்து தொங்கும். பாயைச் சுருட்டும்போது பருமலைக் கீழே இறக்குவார்கள். அப்போது தூக்குக்கயிறுகள் இறுகி அதன் எடையைத் தாங்கும். எனவே பாய் இல்லாத மாதிரியில் மேற்பருமல்கள் உச்சியில் நிற்பதும், தூக்குக்கயிறுகள் கம்பிபோல் இறுகியிருப்பதும் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு செய்திகள். பாயைக் கழற்றிவிட்டால் தாமானின் முனையும், பாயின் கீழ்முனையை மேலே இழுக்கும் சுருக்குக்கயிற்றின் முனையும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுப் பருமலின் அருகே நிற்கும். வெறுமனே தொங்கவிடமாட்டார்கள். கயிறு கட்டுமுன் கப்பலுக்கு ஒரு நிலையைத் தேர்ந்துகொள்ளவேண்டும்: துறைமுகத்தில் பாய் கழற்றி நிற்கிறதா, நங்கூரத்தில் பாய் சுருட்டி நிற்கிறதா, காற்றை இடப்பக்கம் வாங்கி ஓடுகிறதா? தேர்ந்துவிட்டால் ஒவ்வொரு கயிற்றின் இறுக்கமும் தளர்வும் அதிலிருந்தே வந்துவிடும்.

நூலின் ஆயுள்

மாதிரியும் அழியக்கூடியது. பருத்தியும் ஆளிநூலும் ஈரம் குறைந்தால் நீளும், கூடினால் சுருங்கும். பருவம் மாறும்போதெல்லாம் கயிறுகள் மரங்களை இழுத்துக்கொண்டிருக்கும். பாலியெஸ்டர் நூலுக்கு இந்தக் குறை மிகக் குறைவு. நைலான் நீண்டுவிடும் என்பதால் நிலைக்கயிற்றுக்கு உதவாது. உடனே ஒட்டும் பசை நூலை விறைப்பாக்கி, கறையாக்கி, நாளடைவில் முறியச் செய்யும். நீரில் கரையும் பசை பின்னால் பழுதுபார்ப்பவர்க்கு வழிவிடும். மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் ஓக் போன்ற மரங்கள் விடும் அமில ஆவியால் ஈயப் பொருள்கள் வெள்ளைப் பொடியாக உதிர்கின்றன. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு மாதிரிகள் பலவற்றில் இன்று நாம் காணும் கயிறுகள் பின்னாளில் மாற்றியவை. மாற்றியவர் தம் காலத்து வழக்கத்தை அவற்றுக்குள் புகுத்தியிருக்கவும் கூடும். எனவே ஒரு பழைய மாதிரியின் கயிற்றைச் சான்றாக எடுத்துக்கொள்ளுமுன், அது யாருடைய கை என்று கேட்கவேண்டும்.

இதிலிருந்து இன்றைய கலைஞருக்கு ஒரு கடமை பிறக்கிறது. மாதிரியோடு ஒரு குறிப்பேடும் இருக்கவேண்டும்: எந்த ஆண்டின் நிலை, எந்த நூலின் கணக்கு, எந்தக் கயிறு எந்தப் பொருளால் ஆனது, எவை விடப்பட்டன, ஏன் விடப்பட்டன. குறிப்பேடு இல்லாத மாதிரியைப் பார்க்கும் அடுத்த தலைமுறை, கலைஞர் விட்டதையும் அறியாமல் தவறியதையும் பிரித்தறிய முடியாது.

இந்தக் கடமை நம் கரைக்கும் உரியது. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயர் மாற்றியபின் கடல்களைத் தாண்டி 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. தூத்துக்குடித் தோணிகள் எந்திரம் பொருத்தப்படும்வரை பாயின் துணையிலேயே கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்றன. அந்தக் கப்பல்களைக் கட்டியவர்களின் கணக்கும், பாய் ஏற்றிய தோணித் தலைவர்களான தண்டல்களின் அறிவும் பெரும்பாலும் கைவழியாகவே வந்தவை. விக்டரிக்கு ஒரு ஸ்டீலும் ஒரு லீவரும் கிடைத்தார்கள். தோணிக்கு அந்த இடத்தை நிரப்பக்கூடியது, பாயோட்டிய அனுபவமுள்ள முதியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு கயிறும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்டுக் கேட்டுக் கட்டும் அளவுமாதிரி. அதை ஓர் அருங்காட்சியகமோ கல்லூரியோ மேற்கொள்ளலாம். செலவு பெரிதாகாது. கேட்கவேண்டியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடவேண்டும் என்பது மட்டுமே அதற்குள்ள காலக்கெடு.